மோட்டாரை மேலே ஏற்றியவர்கள்



கூரை திறக்கும் கார் என்றதும் மனதில் வருவது காற்றும் வெயிலும் கடலோரச் சாலையும்தான். விளம்பரங்கள் அதைத்தான் காட்டுகின்றன. இந்த மாதம் நான் உங்களோடு பேச விரும்புவது அந்தக் கூரையைத் தூக்கி மடக்கி வைக்கிற மோட்டாரைப் பற்றி. கண்ணில் படாத இடத்தில் உட்கார்ந்து, அழைத்தபோது மட்டும் வேலை செய்கிற பொருள் அது. அதைத் தண்ணீர்தான் சாகடிக்கிறது என்று கண்டுபிடித்து, கம்பெனி வைத்த இடத்திலிருந்து கிளப்பி வேறு இடத்துக்குக் கொண்டுபோன கார்ச் சொந்தக்காரர்களைப் பற்றியும் பேச வேண்டும். அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

நான் சொல்வது பிஎம்டபிள்யூ இசட்4 காரின் முதல் தலைமுறை. ஆர்வலர்கள் அதை ஈ85 என்ற குறியீட்டால் அழைப்பார்கள். 2002-இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் காட்டப்பட்டது; அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள ஸ்பார்ட்டன்பர்க் தொழிற்சாலையில் 2008 வரை தயாரானது. இரண்டே இருக்கை. நீண்ட முன்பகுதி. ஓட்டுகிறவர் ஏறக்குறைய பின்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பார். அதற்கு முந்தைய இசட்3 காரில் பின்புறக் கண்ணாடி என்பது வளைகிற பிளாஸ்டிக். மடித்து மடித்து மங்கிப்போகும். இசட்4-இல் நிஜக் கண்ணாடியே வந்துவிட்டது, சூடேற்றும் கம்பிகளோடு. துணிக்கூரை மடியும்போது அதன் முன்பகுதியே மேலே வந்து மூடியாக அமர்ந்துவிடும். தனி மூடி தேவையில்லை. பொத்தானை அழுத்தினால் சுமார் 10 வினாடியில் எல்லாம் முடியும். இன்றைக்கும் அது நல்ல வேகம்தான்.

அந்த 10 வினாடி வேலையைச் செய்வது ஒரு ஹைட்ராலிக் பம்ப். 12 வோல்ட் மோட்டார் பம்பைச் சுற்றுகிறது. பம்ப் எண்ணெயை அழுத்தி, மெல்லிய குழாய்கள் வழியாகச் சிலிண்டர்களுக்கு அனுப்புகிறது. சிலிண்டரின் தண்டு நீண்டு கூரைச் சட்டத்தைத் தள்ளுகிறது. மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் கூரை திரும்பி வருகிறது. மோட்டார், பம்ப், சிறிய எண்ணெய்த் தொட்டி மூன்றும் ஒரே கட்டாக இருக்கும். இரண்டு கைகளுக்குள் அடங்கிவிடும். சத்தம் வெளியே கேட்காமல் இருக்க அதைச் சுற்றி நுரைப்பஞ்சு.

சில வருடங்கள் நன்றாக ஓடும். பிறகு ஒரு நாள் கூரை வழக்கத்தைவிட மெதுவாக நகரும். முனகல் கேட்கும். குளிர் அதிகம், பேட்டரி பலவீனம் என்று சொந்தக்காரர் சமாதானம் சொல்லிக்கொள்வார். அடுத்த மழைக்காலம் முடிந்து வெயில் தலைகாட்டும் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆசையோடு பொத்தானை அழுத்தினால் உள்ளே ரிலே ஒரு முறை டிக் என்று அடிக்கும். அவ்வளவுதான். கூரை பாதியில் நின்றுவிட்டால் இன்னும் தொல்லை. கையால் மூடும் வழி வண்டியின் கையேட்டில் இருக்கிறது. நடுரோட்டில், தூறலில், அதைப் படித்துப் பார்த்து யாரும் மகிழ்ச்சியாகச் செய்ததில்லை.

மெக்கானிக் உள்ளே பார்க்கும்போது விஷயம் தெரியும். இருக்கைகளுக்குப் பின்னால், மடிந்த கூரை இறங்கி உட்காரும் பள்ளத்தின் இடது அடிமூலையில் மோட்டார் இருக்கிறது. அந்த மூலையில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. மோட்டார் அதற்குள் குளித்துக்கொண்டிருக்கிறது.

இங்கே பலருக்கும் வரும் சந்தேகம், கூரை ஒழுகிவிட்டதோ என்பதுதான். இல்லை. கன்வெர்ட்டிபிள் காரில் மழைநீர் உள்ளே வருவது பழுது அல்ல, திட்டம். நம் பழைய வீட்டு முற்றத்தை நினைத்துப் பாருங்கள். வானம் திறந்திருக்கிறது, மழை உள்ளே விழத்தான் போகிறது என்று தெரிந்தே கட்டியது அது. அதனால் தரையைச் சுற்றுக்கட்டைவிடத் தாழ்த்தி, வாட்டம் கொடுத்து, மூலையில் சலதாரை வைத்தார்கள். துணிக்கூரைக் காரும் அப்படித்தான். மூடிய கூரையின் பக்கங்களிலும் பின்புறமும் வழிகிற தண்ணீர் கூரையின் ஓரத்தில் உள்ள வழியாக அந்தப் பள்ளத்துக்கு வருகிறது. இருபுறமும் உள்ள துளைகளில் இறங்கி, ரப்பர் குழாய் வழியாகப் பின்சக்கரத்துக்கு அருகே தரையில் கொட்டுகிறது. வழி திறந்திருக்கும்வரை ஒரு சொட்டும் தங்காது. ஆனால் முற்றத்தின் சலதாரைக்குப் பக்கத்தில் யாரும் நெல் மூட்டையை அடுக்க மாட்டார்கள். இசட்4-இல் மோட்டாரை அங்கேதான் வைத்தார்கள்.

குழாய் அடைபடுவது தவிர்க்க முடியாதது. மரத்தடியில் நிற்கும் வண்டியின் மேல் இலை விழும். நைந்த இலை துண்டு துண்டாகிக் கூரை மடிப்புக்குள் போகும். காற்றில் வரும் புழுதியும் துணியிலிருந்து உதிரும் நூலும் மகரந்தமும் சேரும். குழாய் வளைகிற இடத்தில் எல்லாம் சேர்ந்து களிமண்ணைப் போல இறுகிவிடும். ஐரோப்பாவில் அக்டோபர், நவம்பரில் இலை உதிரும். அதே மாதங்களில் மழையும் பிடித்துக்கொள்ளும். ஜெர்மனியில் 1997 முதல் பருவகாலப் பதிவெண் என்று ஓர் ஏற்பாடு உண்டு. வருடத்தில் குறிப்பிட்ட மாதங்களுக்கு மட்டும் வண்டியைப் பதிவு செய்து, அதற்கு மட்டும் வரி கட்டலாம். கன்வெர்ட்டிபிள் வைத்திருப்பவர்களில் பலர் குளிர்காலம் முழுவதும் வண்டியைக் கொட்டகைக்குள் தூங்கப்போடுவதற்கு இது வசதி. கொட்டகை இல்லாதவரின் வண்டி வெளியே நிற்கும். மழைக்குப் பேர்போன பிரிட்டனிலும் கூரை திறக்கும் கார் மேல் காதல் கொண்டவர்கள் உண்டு. அங்கே தெருவோரத்தில், மரங்களுக்குக் கீழே பல வண்டிகள் நிற்கின்றன. இந்த மோட்டார்கள் அதிகம் நனைந்ததும் அப்படிப்பட்ட இடங்களில்தான்.

தண்ணீர் மோட்டாரை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஏனென்றால் பலரும் மின்சாரமும் தண்ணீரும் சேர்ந்தால் பொசுங்கிவிடும் என்று மட்டும் நினைக்கிறார்கள். இது அப்படி ஒரே நாளில் நடப்பதில்லை. மோட்டாரின் உறைக்குள் காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கும். நடுவில் ஆர்மேச்சர் சுற்றும். கார்பன் பிரஷ்கள் காம்யூட்டேட்டரைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஈரம் உள்ளே போனதும் முதலில் பேரிங்கில் துரு ஏறுகிறது. அடுத்து உறையின் உள்சுவர் துருப்பிடித்து உப்புகிறது. காந்தத்துக்கும் ஆர்மேச்சருக்கும் நடுவே இருப்பது மெல்லிய இடைவெளி. துரு அதை அடைத்துக்கொள்கிறது. ஒட்டியிருந்த காந்தம் பெயர்ந்துவிடுவதும் உண்டு. பிரஷ் தன் கூட்டுக்குள் சிக்கிக்கொண்டு காம்யூட்டேட்டரைச் சரியாகத் தொடாது. மோட்டார் திணறத் திணற அதிக மின்னோட்டம் இழுக்கும், அதனால் சூடாகும். ஒயரின் முனைகளில் பச்சை பூக்கும். கடைசியில் சுற்றுவதே நின்றுபோகும். இத்தனைக்கும் அது முழுக்க மூழ்கியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சுற்றியிருக்கும் நுரைப்பஞ்சு ஒரு முறை நனைந்தால் வாரக்கணக்கில் ஈரத்தை விடாது. சத்தத்தைத் தடுக்க வைத்த பொருள்தான் ஈரத்தைப் பிடித்து வைக்கிற பொருளாகவும் ஆகிவிடுகிறது.

அதிகாரபூர்வமான பழுதுபார்ப்பு முறைப்படி இந்தப் பம்பை மாற்ற, கூரையின் சட்டத்தையே வண்டியிலிருந்து கழற்றி எடுக்க வேண்டும். பாதிச் செலவு பொருளுக்கென்றால் மீதி முழுவதும் கூலிக்கு. பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஆசைக்காக, கைக்கு எட்டிய விலைக்கு வாங்கியவருக்கு அது தாங்காத தொகை. அதைவிட வருத்தமான விஷயம் ஒன்று இருக்கிறது. அத்தனையும் செலவழித்த பிறகு, புது மோட்டார் போய் உட்காரும் இடம் அதே பள்ளம், அதே மூலை.

இங்கேதான் சொந்தக்காரர்கள் உள்ளே வருகிறார்கள். கூரையைக் கழற்றாமலே, அதைப் பாதி நிலையில் தூக்கி முட்டுக்கொடுத்துவிட்டு, பள்ளத்துக்குள் கையை விட்டு மோட்டாரை வெளியே எடுக்க முடியும் என்று யாரோ ஒருவர் செய்து பார்த்தார். மற்றொருவர், எடுத்ததைத் திரும்ப ஏன் அங்கேயே வைக்க வேண்டும் என்று கேட்டார். எண்ணெய்க் குழாய்களைப் பம்பிலிருந்து பிரிக்காமலே டிக்கிக்குள் கொண்டுவரலாம், மின்சார ஒயரை மட்டும் நீட்டித்தால் போதும் என்று கண்டார்கள். நாடு நாடாக இந்த முறை பரவியது. இன்று ஈ85 வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, மோட்டார் எங்கே இருக்கிறது என்பதுதான். டிக்கிக்கு மாற்றியாகிவிட்டது என்றால் வாங்குபவர் நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போகிறார். கையால் மடக்கும் கூரையுடன் வந்த சில அடிப்படை மாடல்களுக்கு இந்தக் கவலையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த வண்டியை வடிவமைத்தவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஹைட்ராலிக் குழாய் நீளமாக ஆக ஆகச் செலவும் கசிவு வாய்ப்பும் கூடும். பம்ப் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருப்பதே நல்லது. சின்னக் காரில் டிக்கி இடம் தங்கத்துக்குச் சமம். இரண்டு பேர் பயணப் பை வைக்க வேண்டும். பம்பின் இரைச்சல் காதுக்குப் பக்கத்தில் கேட்கக் கூடாது. இத்தனையையும் யோசித்தவர்கள் அந்த மூலையைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை. சோதனைச் சாலையில் ஓடிய புது வண்டிகளின் குழாய்கள் சுத்தமாக இருந்திருக்கும். எட்டு வருடம் மரத்தடியில் நின்று, மூன்றாவது சொந்தக்காரரிடம் வந்து சேர்ந்த வண்டியின் குழாயை வரைபலகையில் பார்க்க முடியாது. அதைப் பார்த்தவர் அந்த மூன்றாவது சொந்தக்காரர்தான். அதனால்தான் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்கிறேன்.

கூரையைத் தானாக நகர்த்த வேண்டும் என்ற ஆசை பழையது. பிரான்ஸில் ஜார்ஜ் போலான் என்ற பல் மருத்துவர், இரும்புக் கூரை அப்படியே பின்னால் நகர்ந்து டிக்கி மூடிக்குள் மறையும் அமைப்பை உருவாக்கினார். 1935-இல் வந்த பெஜோ 402 எக்லிப்ஸ் அந்த அமைப்பில் புகழ்பெற்ற கார். அந்த மனிதர் இரண்டாம் உலகப் போரில் நாஜி எதிர்ப்பு இயக்கத்துக்கு உழைத்து, 1942-இல் ஜெர்மானியர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். 1939-இல் அமெரிக்காவில் பிளைமவுத் நிறுவனம் துணிக்கூரையைத் தூக்க வெற்றிடச் சிலிண்டர்களைப் பயன்படுத்தியது. மின்சார மோட்டாரும் ஹைட்ராலிக் பம்பும் அதற்குப் பிறகு பரவின; அந்தக் காலப் பெரிய அமெரிக்கக் கார்களில் பின்னிருக்கைக்குப் பின்னால் தாராளமாக இடம் இருந்தது. 1957-இல் ஃபோர்டு கொண்டுவந்த ஸ்கைலைனர் இந்த ஆசையின் உச்சம். முழு இரும்புக் கூரை, அதை நகர்த்தப் பல மோட்டார்கள், வரிசையாக ரிலேக்கள், 600 அடிக்கும் அதிகமான ஒயர். மூன்றே வருடத்தில், 1959-இல், அதை நிறுத்திவிட்டார்கள். இன்றும் அதில் ஒன்றை ஓடவைத்துக் காட்டும் மெக்கானிக்கை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

வடிகால் அடைபட்டு அவதிப்படுவது இசட்4 மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். 1996-இல் வந்த முதல் போர்ஷே பாக்ஸ்டரில் வண்டியின் திருட்டுத் தடுப்பு, கதவுப் பூட்டு ஆகியவற்றைக் கவனிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கைக்கு அடியில், தரையோடு தரையாக வைக்கப்பட்டது. கூரையின் வடிகால் அடைபட்டால் தண்ணீர் வண்டிக்குள் இறங்கித் தரைவிரிப்புக்கு அடியில் தேங்கும், பெட்டி நனையும், சாவியை வண்டிக்கே அடையாளம் தெரியாமல் போகும். இன்ஜின் கிளம்பாது. துணிக்கூரை மாஸ்டா எம்எக்ஸ்-5 கார்களில் பெரும்பாலும் கூரையைக் கையால் தூக்கிப் போடுவதால் மோட்டார் கவலை கிடையாது. ஆனால் வடிகால் அடைபட்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிச் சட்டத்துக்குள் போய், உள்ளிருந்தே இரும்பை அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே சட்டம் போயிருக்கும். மூன்று கம்பெனி, மூன்று விதமான சேதம், காரணம் ஒன்றே ஒன்று: கட்டை விரல் அளவுக்குக்கூட இல்லாத ஒரு குழாய்.

இனி வேலைக்கு வருகிறேன். மோட்டாரை இடம் மாற்ற நினைப்பவர்களுக்கும், அதைச் செய்து தரப்போகும் எலெக்ட்ரீஷியன் நண்பர்களுக்கும் சில விஷயங்கள் சொல்லியே ஆக வேண்டும்.

பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் கூரைச் சட்டத்துக்குள் கையை விடாதீர்கள். பாதியில் நிற்கும் கூரைக்கு உறுதியான முட்டுக் கொடுங்கள். எடை சாதாரணம் அல்ல, அதன் மடிப்புகளில் விரல் சிக்கினால் எலும்பு தப்பாது. எண்ணெய்க் குழாய்கள் மெல்லியவை. மடங்கி ஒடிந்தால் பிறகு குழாய் தேடி அலைய வேண்டும். எனவே மோட்டாரை இழுக்கும்போது குழாய்களைப் பிடித்து இழுக்கக் கூடாது. தொட்டியில் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். சேர்க்க வேண்டியிருந்தால் கம்பெனி குறிப்பிட்ட வகை எண்ணெயை மட்டும் சேருங்கள். பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டால் சிலிண்டரின் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். பழைய நுரைப்பஞ்சை வீசிவிடுங்கள். அதற்குப் பதிலாகத் தண்ணீர் உறிஞ்சாத வகை நுரையைச் சுற்றலாம். சிலர் மோட்டாரைப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இரவில் குளிரும்போது பைக்குள் வியர்க்கும், அந்த ஈரத்துக்கு வெளியேற வழி இருக்காது.

ஒயர் விஷயத்தில்தான் அதிகம் பேர் அவசரப்படுகிறார்கள். இந்த மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் ஒரு விளக்கு இழுப்பதைப் போலப் பல மடங்கு. மெல்லிய ஒயரில் நீட்டித்தால் ஒயர் சூடாகும், மோட்டாருக்கு வோல்டேஜ் குறையும், கூரை மறுபடி மெதுவாகும். கம்பெனி போட்ட ஒயரின் பருமனுக்குக் குறையாமல் போடுங்கள். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் பழக்கம் இங்கே உதவாது; சால்டரிங் செய்து, சூட்டில் சுருங்கும் உறை போட்டு மூடுங்கள். முக்கியமாக, அந்த இணைப்பு பள்ளத்துக்குள் இருக்கவே கூடாது. மோட்டாரை மேலே கொண்டுவந்துவிட்டு, ஒயர் இணைப்பைத் தண்ணீருக்குள் விட்டுவைத்தவர்கள் உண்டு.

இதை எழுதும்போது நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனை நினைவுக்கு வருகிறது. 2012 அக்டோபர் இறுதியில் சாண்டி புயல் அடித்தபோது அங்கே அவசர ஜெனரேட்டர்கள் 13-ஆம் மாடியில் பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு டீசல் ஏற்றும் பம்புகள் மட்டும் கீழ்த்தளத்தில். கீழ்த்தளம் வெள்ளத்தில் மூழ்கியது. ஊழியர்களும் காவல் படையினரும் படிக்கட்டில் வரிசையாக நின்று டீசலைக் கைமாற்றி மேலே கொடுத்தார்கள். கடைசியில் நூற்றுக்கணக்கான நோயாளிகளை வேறு மருத்துவமனைகளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. உயரத்துக்குக் கொண்டுபோனால் எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும். மிச்சம் வைத்த ஒன்று போதும், மற்ற அத்தனையும் வீணாக.

டிக்கிக்குள் மோட்டாரை எங்கே வைப்பது? பக்கவாட்டு உறைக்குப் பின்னால், சாமான்கள் இடிக்காத இடத்தில், தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். டிக்கித் தரையிலும் தண்ணீர் சேரலாம் என்பதை மறக்க வேண்டாம். ஆடாமல் பட்டை போட்டு இறுக்குங்கள். தகட்டில் நேரடியாக வைத்தால் இரைச்சல் வண்டி முழுவதும் கேட்கும், இடையில் ரப்பர் வேண்டும். தகட்டுத் துளை வழியாகக் குழாயும் ஒயரும் வருகிற இடத்தில் ரப்பர் குரோமெட் போடாமல் விட்டால், கூர்மையான விளிம்பு ஒயரின் தோலை உரித்துவிடும். செய்த வேலையை ஒரு தாளில் எழுதி, எந்த ஒயர் எங்கே போகிறது என்று படம் போட்டு, வண்டியின் கையேட்டோடு வைத்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து அதைத் திறந்து பார்க்கும் முகம் தெரியாத மெக்கானிக் உங்களை வாழ்த்துவார்.

மாற்றக் கூடாது என்கிறவர்களும் இருக்கிறார்கள். கம்பெனி வைத்தது வைத்தபடி இருந்தால்தான் வண்டிக்கு மதிப்பு என்பது அவர்கள் வாதம். அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டிக்கு அது பொருந்தும். ஓட்டுவதற்காக வைத்திருக்கும் வண்டிக்குப் பொருந்தாது. வேலை செய்யாத கூரையோடு, எல்லாம் அசலாக இருக்கும் கன்வெர்ட்டிபிளை வைத்து என்ன செய்வது? மோட்டாரை மாற்றுவது சரி என்பதே என் முடிவு.

அதே சமயம், மோட்டாரை மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்களோடும் நான் உடன்பட மாட்டேன். பள்ளத்தில் தண்ணீர் நிற்பது நிற்கவில்லை. சாக மோட்டார் அங்கே இல்லை, அவ்வளவுதான். தண்ணீர் இன்னும் உயர்ந்தால் இருக்கைக்குப் பின்னால் உள்ள விரிப்பு நனையும், பூஞ்சை வாடை வரும், மற்ற ஒயர்களையும் தொடும். ஆகவே வேலையின் வரிசை முக்கியம். வடிகாலைச் சுத்தம் செய்வது முதலில், மோட்டாரை இடம் மாற்றுவது அதற்குப் பிறகு. புல் வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் நரம்பை மெல்ல உள்ளே விட்டு அடைப்பை எடுக்கலாம். இரும்புக் கம்பி வேண்டாம், குழாயைக் கிழித்துவிடும். கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடிப்பதும் வேண்டாம்; உள்ளே குழாய் இணைப்பிலிருந்து கழன்றுகொண்டால் தண்ணீர் வண்டியின் வயிற்றுக்குள் கொட்டும், வெளியே தெரியாது. பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, வண்டிக்குக் கீழே அது வருகிறதா என்று குனிந்து பாருங்கள். ஊற்றியது அப்படியே வெளியே வர வேண்டும்.

நம்மில் எத்தனை பேர் கன்வெர்ட்டிபிள் வைத்திருக்கிறோம் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் சன்ரூஃப் வைத்த கார் இன்று நம் ஊர்த் தெருவுக்குத் தெரு நிற்கிறது. சன்ரூஃபும் இதே கணக்குதான். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் எல்லாத் தண்ணீரையும் தடுப்பதில்லை. மீறி வருவதைப் பிடிக்கக் கண்ணாடிக்குக் கீழே ஒரு தட்டு இருக்கிறது. அந்தத் தட்டின் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் முன்தூண்களுக்குள்ளும் பின்தூண்களுக்குள்ளும் இறங்கிப் போகின்றன. அவை அடைபட்டால் முதலில் கூரையின் உள்துணியில் கறை தெரியும். அடுத்து காலடியில் விரிப்பு நனையும். விரிப்புக்கு அடியில்தான் ஒயர் கட்டுகள் ஓடுகின்றன. ஏர்பேக் விளக்கு எரிகிறது, சென்சார் கோளாறு என்று மாறி மாறி வொர்க்‌ஷாப்புக்குப் போகிறவர்கள் ஒரு முறை விரிப்பைத் தூக்கித் தொட்டுப் பார்க்க வேண்டும்.

நம் தெரு மரங்களும் சளைத்தவை அல்ல. வேப்பம்பூ கொட்டும். பெருங்கொன்றை மஞ்சளாக உதிர்த்து வண்டியையே மூடிவிடும். புளிய இலை, தூங்குமூஞ்சி இலை எல்லாம் சின்னச் சின்னது. எந்தக் கம்பி வலையிலும் புகுந்துவிடும். வைப்பருக்குக் கீழே உள்ள தட்டிலும் இதே குப்பைதான் சேருகிறது. அங்கே அடைத்தால் தண்ணீர் ஏசி காற்றோட்ட மோட்டாருக்குள் இறங்கும். மரத்தை வெட்டச் சொல்ல மாட்டேன், நிழல் வேண்டும். குப்பையை எடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் ஒரு காலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். சன்ரூஃபைத் திறந்து தட்டை ஈரத்துணியால் துடையுங்கள். முன்பக்க மூலைகளில் ஒரு சின்ன டம்ளர் தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். வீட்டில் ஒருவரைக் கீழே நிறுத்தி, சக்கரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விழவில்லை என்றால் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். மழை தொடங்கிய பிறகு போனால் அவர் கடை வாசலில் உங்களுக்கு முன்னால் வரிசை நிற்கும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் விற்பவரின் அனுமதியோடு இதே சோதனையைச் செய்யுங்கள், விரிப்பை ஓரத்தில் தூக்கி முகர்ந்தும் பாருங்கள்.

உங்கள் வண்டியில் தண்ணீர் எங்கே தேங்கியது, எந்தப் பொருள் நனைந்தது, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். கார் என்றில்லை, ஆட்டோ, வேன், டிராக்டர் எதுவானாலும் சரி. படமும் அனுப்பினால் இன்னும் நல்லது. மெக்கானிக்குகளும் எலெக்ட்ரீஷியன்களும் தயங்காமல் எழுத வேண்டும் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். எழுதிப் பழக்கமில்லை என்றால் பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள், நாங்கள் எழுத்தில் கொண்டுவருகிறோம். மழை முடிவதற்குள் வரும் அனுபவங்களைச் சேர்த்து, செய்தவர் பெயரோடு வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்